ஒரே எண்ணுக்கு ஊர் முழுக்கப் பரிசு: ஸ்பெயினின் கிறிஸ்துமஸ் லாட்டரி எப்படி நடக்கிறது?

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் ஒரு செய்தி நம் வாட்ஸ்அப் வரைக்கும் வந்து சேர்ந்துவிடும். "ஸ்பெயினில் உலகின் மிகப்பெரிய லாட்டரி! பரிசு 24 ஆயிரம் கோடி ரூபாய்!" கூடவே ஒரு படம். ஏதோ ஒரு சின்ன ஊரில், லாட்டரிக் கடை வாசலில், இருபது முப்பது பேர் பாட்டிலைக் குலுக்கி மதுவைப் பீய்ச்சிக்கொண்டிருப்பார்கள். கீழே யாராவது கேட்டிருப்பார்கள்: "ஒரே ஆளுக்கா இவ்வளவும்? என்ன பண்ணுவான்?"

ஒரே ஆளுக்கு இல்லை. வழக்கமாக விற்கும் ஒரு சீட்டை வைத்திருப்பவருக்கு முதல் பரிசாகக் கிடைப்பது 4 லட்சம் யூரோ. வரி போக 3,28,000 யூரோ, அதாவது சுமார் மூன்று கோடி ரூபாய். தலைநகர் மத்ரீதில் சுமாரான ஓர் அடுக்குமாடி வீடு வாங்கினால் பணம் தீர்ந்துபோகும். கேரளத்தின் ஓணம் பம்பரில் ஒரே சீட்டுக்கு 25 கோடி கொடுக்கிறார்கள். அதோடு ஒப்பிட்டால் ஸ்பெயின்காரரின் பரிசு பெரிய விஷயமே இல்லை.

அப்படியானால் 24 ஆயிரம் கோடி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? படத்தில் ஏன் ஒரு ஆள் நிற்காமல் ஒரு தெருவே நிற்கிறது? இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். அதற்கு இந்தச் சீட்டை அச்சடிக்கும் முறையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பெயரில் தொடங்கும் குழப்பம்

இந்த லாட்டரியை 'எல் கோர்தோ' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பொருள் 'குண்டன்'. ஸ்பெயினில் அது முதல் பரிசின் செல்லப்பெயர் மட்டுமே. நாம் 'பம்பர் அடிச்சது' என்று சொல்வதுபோல அவர்கள் 'குண்டன் விழுந்தது' என்பார்கள். லாட்டரியின் பெயர் கிறிஸ்துமஸ் லாட்டரி, அவ்வளவுதான். அரசு நடத்துவது. ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 22 காலை குலுக்கல். 'கோர்தோ' என்ற சொல் வரும் வேறொரு லாட்டரியும் அங்கே உண்டு. அதற்கும் கிறிஸ்துமஸுக்கும் தொடர்பில்லை.

'உலகின் மிகப்பெரியது' என்பதும் பாதி உண்மைதான். ஒரே குலுக்கலில் கொடுக்கும் எல்லாப் பரிசுகளையும் கூட்டினால் வரும் தொகை பெரியது. 2024இல் அது 270 கோடி யூரோ. வாட்ஸ்அப்பில் வரும் 24 ஆயிரம் கோடி ரூபாய் இதுதான். ஒரு தனி மனிதர் எடுத்துப்போகும் தொகை பெரியதல்ல.

தியேட்டர் சீட்டும் ஆட்டுக்கூறும்

ஒரு லட்சம் இருக்கைகள் உள்ள ஒரு பிரம்மாண்டமான தியேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கைகளுக்கு 00000 முதல் 99999 வரை எண் போட்டிருக்கிறது. இப்போது அதே அச்சில் 193 தியேட்டர்கள் கட்டப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கலில் ஓர் இருக்கை எண் வருகிறது. 193 தியேட்டரிலும் அந்த எண்ணில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் முதல் பரிசு.

இந்தத் தியேட்டருக்கு ஸ்பெயினில் 'செரியே' என்று பெயர். நம்மூர் வழக்கில் வரிசை. 2024இல் 193 வரிசைகள் அச்சிட்டார்கள். விற்பனையைப் பார்த்து இந்த எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடும் குறையும்.

கேரள லாட்டரி வாங்கிப் பழகியவர்களுக்கு இங்கேதான் உறைக்கும். அங்கேயும் எண்ணுக்கு முன்னால் வரிசை எழுத்துகள் உண்டு. ஆனால் முதல் பரிசு ஒரு வரிசைக்குத்தான். அதே எண்ணை வேறு வரிசையில் வைத்திருப்பவருக்கு ஆறுதல் பரிசு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஸ்பெயினில் ஆறுதல் என்ற பேச்சே இல்லை. எண் சரியாக இருந்தால் எந்த வரிசையானாலும் முழுப் பரிசு.

அடுத்த படி. தியேட்டரில் ஒரு இருக்கையின் விலை 200 யூரோ. அதை ஒரே ஆள் வாங்குவது அபூர்வம். பண்டிகைக்கு நாலு வீடு சேர்ந்து ஒரு ஆட்டை வாங்கி, அறுத்துக் கூறு போட்டு எடுத்துக்கொள்வதில்லையா? அதுபோல அந்த 200 யூரோ சீட்டைப் பத்துக் கூறாக்கி, கூறு 20 யூரோ என்று விற்கிறார்கள். அந்தக் கூறுக்குப் பெயர் 'தெசிமோ'. 'பத்தில் ஒன்று' என்று பொருள். கடையில் "ஒரு லாட்டரி குடுங்க" என்றால் கையில் வருவது தெசிமோதான். முழுச் சீட்டுக்கு முதல் பரிசு 40 லட்சம் யூரோ. அதில் பத்தில் ஒன்றுதான் நான் மேலே சொன்ன 4 லட்சம்.

இதுவரை சொன்னதைக் கோத்துப் பார்ப்போம். ஓர் எண், 193 வரிசை, வரிசைக்குப் பத்துக் கூறு. ஆக 2024இல் ஒவ்வோர் எண்ணுக்கும் 1,930 தெசிமோ. முதல் பரிசு விழுந்த எண்ணுக்கு மட்டும் மொத்தம் 77 கோடியே 20 லட்சம் யூரோ. தலைப்புச் செய்திக்காரர்கள் எடுத்துப் போடுவது இதையோ, இதோடு மற்றப் பரிசுகளையும் கூட்டி வரும் தொகையையோதான். 1,930 பங்கு என்ற பகுதியை மட்டும் விட்டுவிடுவார்கள்.

இரண்டு கூண்டுகளும் பாடும் குழந்தைகளும்

இனி குலுக்கல். சாதாரண லாட்டரியில் சக்கரத்தைச் சுற்றி ஒவ்வோர் இலக்கமாக எடுப்பார்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இதற்குச் சுமார் நாலு மணி நேரம் ஆகிறது. காரணம், மேடையில் இரண்டு கம்பிக் கூண்டுகள். உருண்டை வடிவம், தங்க நிறம். கூண்டின் பெயர் 'பொம்போ'.

பெரிய கூண்டில் ஒரு லட்சம் மரக் குண்டுகள். ஒவ்வொன்றிலும் ஓர் எண் பொறித்திருக்கும். எடை 3 கிராம், குறுக்களவு 18.8 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட கோலிக்குண்டு. எழுத்தை மையால் எழுதினால் மையின் எடையால் வித்தியாசம் வரலாம் என்று லேசரால் பொறிக்கிறார்கள். சின்னக் கூண்டில் 1,807 குண்டுகள். அவற்றில் எண் இருக்காது, பரிசுத்தொகை இருக்கும். பெரிய கூண்டிலிருந்து ஒரு குண்டு விழும்போதே சின்னக் கூண்டிலிருந்தும் ஒரு குண்டு விழும். இந்த எண்ணுக்கு இந்தப் பரிசு. ஜோடி சேர்ந்தாயிற்று. அப்புறம் அடுத்த ஜோடி. இப்படி 1,807 தடவை.

இதனால் குண்டன் எப்போது வெளியே வருவான் என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் ஐந்து நிமிடத்திலும் வரலாம், கடைசியிலும் வரலாம். சின்னப் பரிசுகளை முடித்துவிட்டுப் பெரியதற்குப் போகிற ஏற்பாடு இல்லை. ஆகவே காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினால் வீட்டிலும் அலுவலகத்திலும் தேநீர்க்கடையிலும் தொலைக்காட்சியை அணைக்க மாட்டார்கள்.

விழுந்த குண்டைப் பார்த்து அறிவிப்பது அதிகாரி இல்லை. சான் இல்தெஃபோன்சோ என்ற மத்ரீத் பள்ளியின் குழந்தைகள். ஒரு குழந்தை எண்ணைப் பாடும், பக்கத்திலிருக்கும் குழந்தை பரிசைப் பாடும். ஆமாம், பாட்டுதான். ஒரே மெட்டு. 1,807 பரிசில் 1,794 பரிசு முழுச் சீட்டுக்கு ஆயிரம் யூரோ என்ற சின்னப் பரிசு. அதனால் 'மில் யூரோஸ்', 'மில் யூரோஸ்' என்று தாலாட்டுபோல ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சின்னப் பரிசுகளுக்கு 'பெத்ரேயா' என்று பெயர். கல்மழை என்று பொருள் சொல்லலாம். திடீரென்று மெட்டு உயர்ந்து 'குவாத்ரோ மியோனெஸ்', நாற்பது லட்சம், என்று குரல் கீச்சிடும்போது அரங்கம் எழுந்து நின்றுவிடும். இந்தப் பள்ளி முன்பு ஆதரவற்ற சிறுவர்களுக்கானது. 1771இலேயே அங்கிருந்து ஒரு சிறுவன் லாட்டரி எண் எடுக்க வந்துவிட்டான். சிறுமிகளுக்கு இடம் கிடைக்க 1984 வரை ஆனது.

2012 முதல் இது மத்ரீதின் தெயாத்ரோ ரெயால் என்ற இசை நாடக அரங்கில் நடக்கிறது. பார்வையாளர்களில் சிலர் பாதிரியார் வேடத்திலும், சீட்டு ஒட்டிய தொப்பியிலும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். நம்மூர் கிரிக்கெட் மைதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கம்: ஒரு கூண்டில் எண், இன்னொன்றில் பரிசு, இரண்டும் ஒரே நேரத்தில் விழும். 1,807 ஜோடி முடிந்ததும் ஆட்டம் முடிந்தது. 98,193 எண்கள் கூண்டுக்குள்ளேயே கிடக்கும்.

ஊரோடு விழுவது ஏன்?

தெசிமோவைப் பற்றித் தெரிந்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. 1,930 கூறும் நாடெங்கும் சிதறிப் போயிருக்கலாமே, ஏன் ஒரே தெருவில் விழுகிறது?

இங்கே இரண்டு பழக்கங்கள் வேலை செய்கின்றன. ஒன்று, லாட்டரிக் கடைகள் சில எண்களை மொத்தமாக எடுத்து வைத்திருக்கின்றன. ஒரு தொழிற்சாலை, ஒரு கால்பந்துக் குழு, ஒரு தேநீர்க்கடை என்று ஆண்டுதோறும் அதே எண்ணைக் கேட்டு வருபவர்கள் உண்டு. ஓர் எண்ணின் பெரும்பகுதி, சில சமயம் முழுவதும், ஒரே கடை வழியாக விற்றுப்போகும்.

இரண்டாவது, கூறையும் கூறு போடுவது. சங்கமோ கோவில் விழாக் குழுவோ தெசிமோக்களை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டு, அதன் பங்குகளுக்குத் துண்டுச் சீட்டு அச்சடித்து விற்கும். இந்தத் துண்டுக்கு 'பார்த்திசிபசியோன்', பங்கேற்பு, என்று பெயர். பெரும்பாலும் ஐந்து யூரோ. அதில் நாலு யூரோ ஆட்டத்துக்கு, ஒரு யூரோ சங்கத்துக்கு நன்கொடை. பள்ளிச் சுற்றுலாவுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் இப்படித்தான் பணம் சேர்க்கிறார்கள். நாலு யூரோ என்பது தெசிமோவில் ஐந்தில் ஒரு பங்கு. முதல் பரிசு விழுந்தால், வரிக்கு முன், 80 ஆயிரம் யூரோ. ஐந்து யூரோ கொடுத்தவருக்கு எண்பதாயிரம்.

இப்போது 2011ஐப் பாருங்கள். வட ஸ்பெயினில் வெஸ்கா மாகாணத்தில் சோதெத்தோ என்று ஒரு விவசாய கிராமம். சுமார் எழுபது வீடுகள். அங்குள்ள இல்லத்தரசிகள் சங்கம் 58268 என்ற எண்ணின் பங்குகளை வீடு வீடாகப் போய் விற்றது. அந்த எண்ணுக்குத்தான் முதல் பரிசு. கிராமத்தில் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் பணம். சீட்டு விற்கப் போனவர்கள் கதவைத் தட்டாமல் விட்டது ஒரே ஒரு வீட்டை. அந்த ஒரு வீட்டைப் பற்றிய செய்திதான் வெற்றிச் செய்தியைவிட வேகமாக உலகம் சுற்றியது.

அந்த ஒற்றை வீடாக ஆகிவிடக்கூடாது என்ற பயம்தான், என் கணிப்பில், இந்த லாட்டரியின் உண்மையான எரிபொருள். பணத்தாசை இரண்டாம் இடம்தான். அலுவலகத்தில் எல்லோரும் ஓர் எண் வாங்குகிறார்கள். உங்களுக்கு லாட்டரியில் நம்பிக்கை இல்லை. ஆனால் பண்டிகை விடுமுறை முடிந்த ஜனவரி 7 அன்று மொத்த அலுவலகமும் வேலையை விட்டுவிட்டு, நீங்கள் மட்டும் மேஜையில் உட்கார்ந்திருக்கும் காட்சி கண்முன் வந்துபோகும். இருபது யூரோவை எடுத்து நீட்டிவிடுவீர்கள். ஸ்பெயின்காரர்கள் இதைக் கிண்டலாக 'முன்னெச்சரிக்கைப் பொறாமை' என்கிறார்கள். பொறாமைக்கு இவ்வளவு நேர்மையான பெயரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

2014இல் இந்த லாட்டரிக்கு வந்த தொலைக்காட்சி விளம்பரம் இதையேதான் தொட்டது. வேலையில்லாத ஒருவர். வழக்கமாகப் போகும் கடையில் இந்த ஆண்டு மட்டும் சீட்டு வாங்கவில்லை. அந்தக் கடையின் எண்ணுக்கே பரிசு விழுந்து எல்லோரும் கூத்தாடுகிறார்கள். அவர் வாழ்த்துச் சொல்லப் போகிறார், காப்பி குடிக்கிறார், எவ்வளவு என்று கேட்கிறார். "21 யூரோ" என்கிறார் கடைக்காரர். காப்பிக்கு ஒன்று, இதற்கு இருபது என்று ஓர் உறையை நீட்டுகிறார். அவருக்காக ஒரு தெசிமோவை எடுத்து வைத்திருந்திருக்கிறார். விளம்பரம்தான், கண்ணீரைப் பிழிவதற்கென்றே எடுத்தது. ஆனாலும் சீட்டு அச்சடிக்கும் கணக்கு சரியாகப் புரிந்த ஆள்தான் இதை எழுதியிருக்க முடியும்.

பங்குச் சீட்டில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தெசிமோ யார் கையில் இருக்கிறதோ அவருக்கே பரிசு. பங்குச் சீட்டின் மதிப்போ, மூலத்தைப் பெட்டியில் வைத்திருப்பவரின் நாணயத்தைப் பொறுத்தது. நண்பர்கள் சேர்ந்து வாங்கினால் தெசிமோவைப் படமெடுத்து, யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி, குழுவில் போட்டுவிடுவது இப்போதைய வழக்கம்.

ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு?

ஒரு தெசிமோவுக்கு முதல் பரிசு விழும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று. பல நாட்டுப் பெரிய லாட்டரிகளில் கோடிகளில் ஒன்று என்று இருப்பதைப் பார்த்தால் இது தாராளம்தான். பரிசு சிறியதாக இருப்பதுதான் அதற்கான விலை.

குண்டுகளின் ஜோடிகள் தவிர, பெரிய பரிசு எண்களுக்கு முன்னும் பின்னும் உள்ளவை, கடைசி இரண்டு இலக்கம் ஒத்துப்போகிறவை என்று வேறு பரிசுகளும் உண்டு. அந்த விவரமெல்லாம் இங்கே வேண்டாம். எல்லாம் சேர்த்து வரிசைக்கு 15,304 பரிசுகள். கேட்க நன்றாக இருக்கிறது. அதில் 9,999 வெறும் 'ரெயின்தெக்ரோ', அதாவது போட்ட பணம் திரும்பி வருவது. முதல் பரிசு எண்ணின் கடைசி இலக்கம் உங்கள் சீட்டின் கடைசி இலக்கமாக இருந்தால் 20 யூரோ திரும்பக் கிடைக்கும். அதைக் கழித்தால், உண்மையிலேயே லாபம் பார்க்கும் சீட்டு நூற்றுக்கு ஐந்துதான்.

விற்பனைக்கு வரும் சீட்டுகளின் மொத்த மதிப்பில் 70 சதவீதம் பரிசாகப் போகிறது. மீதி கடைக்காரரின் கமிஷன், நிர்வாகச் செலவு, அரசு கஜானா. 20 யூரோ போட்டால் சராசரியாக 14 யூரோ திரும்பும் என்று கணக்கு. விற்காமல் மிச்சமான சீட்டுக்குப் பரிசு விழுந்தால் அதுவும் அரசுக்கே. மூன்று மாதத்துக்குள் யாரும் கேட்டு வராத பரிசும் அப்படித்தான்.

நம்பிக்கைகள் தனிக் கதை. முதல் பரிசு 5இல் முடிவது அதிகம் என்று 5ஐத் தேடி அலைவார்கள். கூண்டுக்குள் கிடக்கும் குண்டுக்குப் போன ஆண்டின் ஞாபகம் கிடையாது. மத்ரீதில் 1904இல் தொடங்கிய தோன்யா மனோலித்தா என்ற கடையில் நவம்பரிலிருந்தே வரிசை தெருவைச் சுற்றும். கத்தலோனியாவில் சோர்ட் என்ற மலையூரில் உள்ள கடைக்கு நாடெங்கிலுமிருந்து வாடிக்கையாளர்கள். அந்த ஊர்ப்பெயருக்கு அவர்கள் மொழியில் அதிர்ஷ்டம் என்று பொருள். இந்தக் கடைகளில் அடிக்கடி பரிசு விழுவது உண்மைதான். மற்றவர்களைவிடப் பல மடங்கு எண்கள் விற்கும் கடையில் பரிசு விழாமல் வேறெங்கே விழும்? உங்கள் கையிலுள்ள ஒரு சீட்டின் வாய்ப்பு அதனால் துளியும் கூடுவதில்லை.

போரில் பிறந்த வழக்கம்

முதல் குலுக்கல் 1812 டிசம்பர் 18 அன்று, தெற்கே காதிஸ் துறைமுக நகரில். நெப்போலியன் படைகளோடு போர், கஜானா காலி. மக்கள் மேல் புது வரி போடாமல் பணம் திரட்ட ஒரு வழி தேடியபோது, எண் அச்சிட்ட சீட்டு விற்கும் முறை கைகொடுத்தது. அது அன்று ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த மெக்சிகோவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. முதல் முறை பரிசு வென்ற எண் 03604. உள்நாட்டுப் போரின்போதுகூட இது நிற்கவில்லை. 1938இல் இரு தரப்பும் ஆளுக்கொரு குலுக்கல் நடத்தின. ஒன்று பார்சலோனாவில், இன்னொன்று புர்கோஸில்.

இப்போது சீட்டு ஜூலையிலேயே கடைக்கு வந்துவிடுகிறது. கடற்கரைக்குக் கோடை விடுமுறை போகிறவர்கள் அந்த ஊர் எண் ஒன்றை வாங்கி வருவார்கள். அதனால் பரிசு விற்ற ஊரிலேயே நிற்க வேண்டும் என்றில்லை. 2024இன் 72480 என்ற எண் லொக்ரோன்யோ நகரில் ஒரே கடையில் விற்றது. கொண்டாட்டத்தில் பெரும் பங்கு முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், மத்ரீதில் ஒரு கூடைப்பந்துக் குழுவின் வாசலில்.

பகல் ஒரு மணி சுமாருக்குக் கூண்டுகள் நின்றுவிடும். பரிசு விழாத எல்லா வீட்டிலும் அன்று ஒரே வாக்கியம்தான்: "உடம்பு நல்லா இருந்தா போதும்." இதனாலேயே டிசம்பர் 22க்கு 'ஆரோக்கிய தினம்' என்று கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள். கடைசி இலக்கம் ஒத்துப்போனவர்கள் 20 யூரோவைத் திரும்ப வாங்க லாட்டரிக் கடைக்குப் போவார்கள். மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 அன்று 'எல் நின்யோ', குழந்தை, என்ற பெயரில் அடுத்த குலுக்கல் இருக்கிறது. கடைக்காரர் பணத்தை எடுப்பதற்கு முன்பே அந்தச் சீட்டைக் காட்டுவார். சீட்டின் விலையும் சரியாக இருபது யூரோதான்.